பக்கத்து சீட்டு பிரேக்

என் வண்டிக்கு வளைவில் வால் முளைத்துவிட்டது. நேர் பாதையில் நல்ல பிள்ளையாகப் போகும். கொஞ்சம் வேகமாக ஒரு வளைவில் திருப்பினால் போதும், முதலில் மூக்கு தாழும், அடுத்து பின்பக்கம் லேசாகும், அப்புறம் ‘நீ போ, நான் வேறு வழியில் வருகிறேன்’ என்பதுபோல் வெளியே வீசும். மெதுவாகப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. நானும் இத்தனை வருடம் மெதுவாகப் போனவள்தான்.

இப்போது மெதுவாகப் போக முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் கார் பந்தயத் தளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுகிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொந்த வண்டியை மனம் போல ஓட்டலாம். ட்ராக் டே என்று அதற்குப் பெயர். நான் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. முதல் சில சுற்றுகளுக்குத் தளத்தின் பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். வண்டியும் ஆளும் சரி என்று பட்டால் இறங்கிக்கொள்வார். அதன் பிறகு தனியாக ஓட்டலாம். சரியில்லை என்று பட்டால் ஓரமாக நின்று அடுத்தவர்கள் ஓட்டுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எனக்கு வேண்டியது அந்த ‘தனியாக’ மட்டும்தான். முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள் நான். முப்பது வருடமும் ஸ்டீயரிங் வேறு யார் கையிலோ இருந்தது. நான் பக்கத்து சீட்டில், என் காலடியில் இருக்கும் உபரி பிரேக்கை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வருடம் பள்ளியை மூடியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்து சீட் காலியாக இருக்க, எனக்குப் பிடித்த வேகத்தில் போக வேண்டும். அதற்காக அந்தப் பழைய பள்ளி வண்டியையே வைத்துக்கொண்டேன். அது கடைசி நேரத்தில் வாலை ஆட்டினால் கோபம் வருமா வராதா?

வண்டியைத் தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் தம்பிக்கு வாய் நீளம், ஆனால் கை சுத்தம். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது என்பதால் மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்லி ஈடு கட்டிக்கொள்வேன்.

“ஷாக் அப்சார்பர் போயிருக்கும்டா. பின்னாடி ரெண்டும்” என்றேன்.

“டாக்டர்கிட்ட வந்து மருந்துப் பேரையும் நீயே சொல்றியேக்கா. நோயை மட்டும் சொல்லு.”

சொன்னேன். மூலைக்கு மூலை வண்டியைத் தன் முழு எடையால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தான். ஒவ்வொரு மூலையும் ஒருமுறை எழுந்து அடங்கிவிட்டது. ஷாக் அப்சார்பர் போயிருந்தால் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்குமாம். அடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கினான், பிறகு பக்கவாட்டில் உலுக்கினான். கடப்பாரையை அடியில் கொடுத்து, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை நெம்பிப் பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில், முன்பக்கத்தில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியின் ‘லிங்க்’ என்ற ஒரு சின்ன இணைப்பு மட்டும் தேய்ந்திருந்தது.

“பாத்தியா!” என்றேன்.

“இது கடகடன்னு சத்தம் போடும். வால் வீசாது” என்றான். ஆனாலும் மாற்றினான்.

பிறகு சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து நூல் கட்டினான். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் தையல்காரர். அடுத்த தெருவில்தான் கடை. நூல் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது.

“இது நல்ல நூல் இல்ல மாப்ள. தொய்யுது பாரு.”

“மாமா, இது சட்டைக்கு இல்ல, சக்கரத்துக்கு.”

“எதுக்கா இருந்தா என்ன? கோணலா இருந்தா கோணல்தானே.” கடைக்குப் போய்ப் பட்டுபோல் ஒரு கண்டு எடுத்து வந்தார். அந்த நூலிலும் சக்கரங்கள் நேராகத்தான் நின்றன. தம்பி டயர்க் காற்றையும் சரி பார்த்துவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தான்.

பழைய கிடங்கு ஒன்றின் முன்னால் பெரிய சிமென்ட் மைதானம் இருக்கிறது. லாரிகள் வருவது நின்று வெகு காலம் ஆயிற்று. எங்கள் சோதனை எல்லாம் அங்கேதான். பழைய டயர்களை அடுக்கி ஒரு நீள் வளைவு போட்டான் தம்பி. நான் ஓட்டினேன். மூக்கு தாழ்ந்தது, வால் வீசியது.

“இறங்கு, நான் பாக்குறேன்” என்று தம்பி தனியாக ஓட்டினான். என்னைவிட வேகமாகத்தான் போனான். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போய்விட்டு வந்தது.

“எனக்கு வரலையேக்கா.”

“நீ சரியா ஓட்டிருக்க மாட்ட.”

பக்கத்தில் நான் ஏறிக்கொண்டு அவனை ஓட்டச் சொன்னேன். வால் வீசியது! அவனே ஒரு டயர் அடுக்கைத் தள்ளிவிட்டான். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. நான் இறங்கி, என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் ஏற்றி அனுப்பினேன். வரவில்லை. மறுபடி நான் ஏறினேன். வந்தது.

தம்பி வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். “நீ ஏறினா வருது, இறங்கினா போயிடுது.”

“என்னடா சொல்ல வர்ற? நான் குண்டுன்னா?”

“நான் எதுவும் சொல்லலையே.”

“சொல்லல, நினைச்ச.”

அவன் கிடங்கின் ஓரத்தில் கிடந்த மணல் மூட்டைகளைத் தூக்கி வந்தான். வண்டியின் பாரம் எந்தப் பக்கம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க ஆளுக்குப் பதில் மூட்டை வைப்பது அவர்கள் தொழிலில் வழக்கம்தானாம். என்னைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், இன்னொரு மூட்டையையும் தூக்கி வைத்தான். அந்த இரண்டாவது மூட்டையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சீட் பெல்ட்டும் போட்டுவிட்டான். மூட்டைகளோடு சுற்றி வந்தான். வண்டி ஒரு துளி பிசகவில்லை.

“மூட்டை ஒண்ணும் பண்ணல. நல்ல பொண்ணா உக்காந்து வந்துச்சு” என்றான்.

மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“நீ ஓட்டும்போது பின்னாடி அந்தச் சிவப்பு லைட் எரியறது பாக்க நல்லா இருக்கு. வளைவு பூரா எரியுது. மாப்ள ஓட்டினா வளைவுக்கு முன்னாடியே அணைஞ்சிடுது.”

தம்பி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். “வளைவு பூராவா?”

“உள்ள போறதுலேர்ந்து வெளிய வர்ற வரைக்கும்.”

வளைவுக்கு முன்னால், நேர் பாதையிலேயே பிரேக் போட்டு முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் போடக் கூடாது என்பது வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம். போட்டால் பாரம் எல்லாம் முன்னால் வந்து, பின்சக்கரம் லேசாகி, வால் வீசும். இதை நான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! என்னைப் போய் அப்படிப் பார்த்தால்?

“பிரேக் லைட் சுவிட்ச் போயிருக்கு” என்றேன். “நான் காலை வைக்கவே இல்ல.”

“சுவிட்ச் போனா நேர்லயும் எரியணுமே.”

“வளைவுல மட்டும் போயிருக்கும்.”

“ஆடத் தெரியாதவ…” என்று ஆரம்பித்தான். சக்கரம் கழற்றும் ஸ்பேனர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கூடம் கோணலானதை அவன் சொல்லி முடிக்கவில்லை. போய்ப் புது சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினான். நான் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து கையைத் தூக்கி, “எரியுது!” என்று உற்சாகமாகக் கத்தினார். அந்த மனிதருக்கு எதில் உற்சாகம் காட்டுவது என்று விவஸ்தையே கிடையாது.

தம்பி அவரிடம் போய் ஏதோ கேட்டான். அவர் காதில் செருகியிருந்த நீல நிறத் தையல் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். அதைப் பொடித்து, பிரேக் பெடல் மேல் கனமாகத் தடவினான். என் செருப்பின் அடியைத் துணியால் நன்றாகத் துடைத்தான்.

“இப்ப ஓட்டு. ரெண்டாவது கியர்ல, இந்த வளைவை வட்டமா சுத்திக்கிட்டே இரு. பிரேக்கே வேணாம். நான் கை காட்டினதும் கியரை எடுத்துட்டு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்து. பெடலைத் தொடாத.”

“தொட மாட்டேன். தொட்டா என் பேரை மாத்திக்கிறேன்.”

சுற்றினேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நிறுத்தினேன். காலைத் தூக்கிக் காட்டச் சொன்னான். காட்டினேன். என் வலது செருப்பின் அடி முழுக்க நீலம். ரவிக்கைத் துணிக்குக் கோடு போட்டதுபோல், பெடலின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன.

தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குக் குழி பறிக்கிறீர்கள், நான் தளத்துக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, ஒரு பொம்பளை வேகமாகப் போனால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்றெல்லாம் கேட்டேன். தம்பி பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, அங்கே இருந்த உபரி பெடலைக் காட்டினான். அதன் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

“பக்கத்துல உக்காந்தா இது, ஓட்டினா அது. எங்க உக்காந்தாலும் வளைவைப் பாத்ததும் உன் கால் போயிடுதுக்கா. உனக்கே தெரியாம. வண்டி நல்லா இருக்கு. ஊர்ல உனக்கு என்ன பேரு தெரியுமா? பிரேக் டீச்சர்.”

பேரை மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை, ஊரே மாற்றி வைத்துவிட்டது. நான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். யாரோ யாரையோ காரில் துரத்தும் காட்சி. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பித்தானை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று ஊசியை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் வலது கால் முன்னால் நீண்டு, பாதம் கம்பளத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

“தூக்கத்துலயும் போடுவ. என் முழங்கால்லதான் உனக்கு பெடல்” என்றார்.

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“நான் என்னத்தைக் கண்டேன்? கால் வலின்னு நினைச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் காலைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது என்ன தப்பு செய்தது? பயந்தாங்கொள்ளிகள், பெருமையடிப்பவர்கள், பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாதவர்கள், காதல் தோல்வியில் வண்டி கற்க வந்தவர்கள் என எல்லாருக்கும் பக்கத்தில் அது விழித்திருந்தது. ஒரு பந்து தெருவில் உருண்டு வந்தால், பின்னால் ஒரு குழந்தை வரும் என்று என் கண்ணுக்குத் தெரியும் முன்னால் காலுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் என் வண்டி ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. எல்லாம் அந்தக் காலின் புண்ணியம். இப்போது போய் அதை, ‘நீதான் கோளாறு’ என்றால் அது எங்கே போய் முட்டிக்கொள்ளும்?

ஆனால் அந்தக் கால் இப்படியே இருந்தால் பயிற்சியாளர் பக்கத்து சீட்டை விட்டு இறங்கவே மாட்டார். நான் பயிற்சியாளராக இருந்தால் நானும் இறங்க மாட்டேன். அதுதான் என்னைத் தின்றது.

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க. இது போகாதுங்க” என்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “என் மெஷின்ல கால வெச்சா ஓடும். உன் வண்டியில கால வெச்சா நிக்கும். ரெண்டும் பழக்கம்தானே? நீ எத்தனை பேருக்குப் பழக்கத்தை மாத்தியிருக்க. மேட்டுல வண்டி பின்னாடி உருளும்னு பயந்தவங்களை என்ன பண்ணுவ?”

“உருள விடுவேன். உருண்டு, ஒண்ணும் ஆகலைன்னு அவங்களே பாத்தாத்தான் பயம் போகும்.”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். “அந்த உபரி பெடலைக் கழட்டுடா” என்றேன். தம்பி வாயைப் பிளந்தான். பல வருடமாகக் கழற்றலாம் என்று அவன் சொல்வான், அது வண்டியின் கிட்னி என்று நான் சண்டைக்குப் போவேன். இன்று நானே சொன்னதும், மனசு மாறுவதற்குள் செய்துவிட வேண்டும் என்று ஓடிப்போய்க் கழற்றினான். வண்டியின் தரையில் இரண்டு ஓட்டை மட்டும் மிச்சம்.

மைதானத்தில் என் வீட்டுக்காரரை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். நான் பக்கத்து சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடித்துச் சம்மணம் போட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

“இப்ப வேகமா போங்க.”

“நானா?” என்றார். அவர் மூன்றாவது கியர் போட்டதை நான் பார்த்ததில்லை. அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் நான்தான். கல்யாணமான புதிதில் கற்றார். அன்றிலிருந்து அவர் ஓட்டும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

“மாமாவா? நான் ஓட்டுறேனேக்கா” என்றான் தம்பி.

“நீ நல்லா ஓட்டுவ, எனக்குப் பயம் வராது. இவரு ஓட்டினாத்தான் வரும். மருந்து கசக்கணும்.”

புறப்பட்டார். வளைவு நெருங்கியது. என் மடித்த கால் துடித்தது. பாதம் தொடையைப் போட்டு அழுத்தியது. “ஐயோ!” என்றேன். வளைவு வந்தது, போனது. வண்டி தன் பாட்டுக்குத் திரும்பி நேராகியது. “ஐயோ!” என்றேன் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி பாய்ந்தது. மூன்றாவது கியர்! அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு.

“போகுதே!” என்று கத்தினார். “வண்டி போகுதே! நான் எப்ப மிதிச்சாலும் இது இழுக்காது. இதுதான் வண்டியோட குணம்னு நினைச்சேன். எனக்கு ஓட்ட வரலைன்னு நினைச்சேன்!”

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார், நான் பக்கத்திலிருந்து நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்காமல், தனக்குத்தான் வரவில்லை என்று இருந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டதால் “ஐயோ” என்றுதான் வந்தது.

சுற்றினார், சுற்றினார், தலை சுற்றும் வரை சுற்றினார். டயர் அடுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் “ஐயோ” குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வளைவு வந்தபோது நான் சிதறிக் கிடந்த டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. மரத்துத்தான் போயிற்றா, அல்லது வளைவு தானாகவே முடிந்துவிடும் என்று கடைசியில் அதற்குப் புரிந்ததா, தெரியாது.

பிறகு நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். என் பழைய மாணவர்களைத் திட்டுவதுபோலவே என் காலைத் திட்டிக்கொண்டு ஓட்டினேன். “நேர்லயே பிரேக்கை முடி. முடிச்சியா? இப்ப எடு. எடுன்னா எடு. அங்க என்ன வேலை உனக்கு?” பின்னால் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “எரியுது… எரியுது… கொஞ்சம் எரியுது…” என்று சேதி சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றும் அடுத்த நாளும் இதே பாட்டுதான். சனிக்கிழமை மதியம், “எரியல! மாப்ள, எரியல!” என்று அவர் கத்திய கத்தலில், கிடங்கின் காவலாளி எதுவோ தீப்பிடித்து அணைந்துவிட்டது என்று ஓடி வந்தார். வால் வீசவில்லை. மூக்கும் தாழவில்லை. வண்டி நான் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போனது.

ஞாயிற்றுக்கிழமை தளத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் ஒரு இளைஞர். பளபளப்பான வண்டிகளுக்கு நடுவில் என் பழைய வண்டியையும், அதற்குள் என்னையும் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, “மெதுவாவே போலாம்மா. அவசரமே இல்ல” என்றார். நானும் இதே குரலில் எத்தனை பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

நேர் பாதையில் வேகம் எடுத்தேன். முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை முடித்தேன். காலை எடுத்தேன். திருப்பினேன். அப்போது ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

எந்த புஷ் போயிற்றோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அடுத்த வளைவில் இன்னொரு ‘டொம்’. ஓரக்கண்ணால் பார்த்தேன். பயிற்சியாளருடைய வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்திருந்தது. முகத்தில் மட்டும் அதே மரியாதைச் சிரிப்பு.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வளைவில் அவர் மிதிப்பார் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது, மிதித்தார். எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! வாழ்க்கையில் முதல் முறையாக, நான் ஓட்டி, பக்கத்தில் இருப்பவர் பிரேக் தேடுகிறார்.

சுற்றுகள் முடிந்து ஓரம் கட்டினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, காலடியில் குனிந்து பார்த்தார். “இங்க ஏதோ பெடல் இருந்த மாதிரி ஓட்டை இருக்கே?”

“இருந்துச்சு. கழட்டியாச்சு.”

“வெச்சிருந்திருக்கலாம்” என்று முணுமுணுத்தார். பிறகு சிரித்துவிட்டார். “நல்லா ஓட்டுறீங்கம்மா. நீங்க தனியாவே போகலாம்.” கதவைத் திறந்து இறங்கினார். கதவு மூடியது.

பக்கத்து சீட் காலி. பெல்ட் தொங்கியது. பேச ஆள் இல்லை, திட்ட ஆள் இல்லை, காப்பாற்ற ஆள் இல்லை. அந்த அமைதி எனக்குப் பயமாகக்கூட இருந்தது. அப்புறம் புறப்பட்டேன்.

முதல் தனிச் சுற்றில் சிரித்துக்கொண்டே போனேன். இரண்டாவதில் பாடினேன், நல்ல வேளையாக யாருக்கும் கேட்டிருக்காது. மூன்றாவதில், நீண்ட இறக்கத்தின் முடிவில் இருக்கும் பெரிய வளைவுக்குள் ஆசைப்பட்டு நுழைந்தேன். திருப்பினேன். இந்த முறை வால் வீசவில்லை. மூக்கு திரும்ப மறுத்தது. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது. முன்சக்கரங்களுக்கு இதற்கு மேல் பிடி இல்லை. வண்டி நாசூக்காகப் பாதையை விட்டு வெளியேறி, புல்லைத் தாண்டி, சரளைக் கற்களுக்குள் போய் முட்டி வரை புதைந்து நின்றது. தூசி அடங்கியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. பாதையில் யாரோ எச்சரிக்கைக்கான மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து ஓரத்தில் விட்டார்கள். தம்பி ஓடி வந்தான். நான் இறங்குவதற்குள் தரையில் படுத்துத் தலையை அடியில் விட்டுவிட்டான். பின்னாலேயே என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“என்ன ஆச்சுக்கா? எந்தப் பக்கம் இழுத்துச்சு? புது லிங்க் போச்சா? சத்தம் கேட்டுச்சா?” என்று அடியிலிருந்து கேட்டான்.

“எழுந்திரிடா. வண்டியில ஒரு கோளாறும் இல்ல” என்றேன். “நான்தான் வேகமா வந்துட்டேன்.”

பிரேக் டீச்சர் வாயிலிருந்து இதுவரை வராத வார்த்தை அது. என் வீட்டுக்காரர் கிட்டே வந்து, என் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார்.

“என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

சொன்னேன்.